செராமிக் பூச்சுப் பாத்திரம் நீண்ட நாள் உழைப்பதற்கு

செராமிக் பூச்சிட்ட தோசைத் தவாவோ வாணலியோ வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கேட்க முடிகிறது. வாங்கிய புதிதில் எண்ணெயே இல்லாமல் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது; சில மாதங்களில் முட்டை ஒட்டத் தொடங்கியது; ஒரு வருடத்தில் பாத்திரம் பரணுக்குப் போய்விட்டது. பூச்சு தரமற்றது என்று முடிவு கட்டிவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள், அதற்கும் அதே கதி நேர்கிறது. உண்மையில் இப்படி ஒதுக்கப்படும் பாத்திரங்களில் பலவற்றின் பூச்சு இன்னும் நன்றாகவே இருக்கும். அதன் மேல் கருகிப் படிந்த எண்ணெய்ப் படலம்தான் ஒட்டுகிறது. அந்தப் படலத்தை நீக்க முடியும். அது படியாமலே தடுக்கவும் முடியும். நாம் இரும்புத் தோசைக்கல்லில் பழகிய கையோடு இந்தப் பாத்திரத்தையும் கையாளுகிறோம் என்பதே சிக்கலின் வேர் என்று நான் கருதுகிறேன்.

பூச்சின் தன்மை

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான செராமிக் பாத்திரங்களின் உடல் அலுமினியம்தான். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவை முதன்மையாகக் கொண்ட கரைசலை அதன் மேல் தெளித்துச் சூட்டில் இறுக வைக்கிறார்கள். சோல்-ஜெல் என்று அழைக்கப்படும் இந்த முறையில் உருவாகும் பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. சூளையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சுட்டெடுக்கும் பீங்கானின் உறுதியை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. பூச்சிலிருந்து இது முற்றிலும் வேறானது. 1938-இல் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த அந்தப் பிளாஸ்டிக், சுமார் 350 டிகிரியைத் தாண்டும்போது சிதைந்து நச்சுப்புகையை வெளியிடும். அந்த அச்சம் இல்லாத மாற்றாகவே 2007-இல் பெல்ஜியத்தின் கிரீன்பான் நிறுவனம் செராமிக் பூச்சுப் பாத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. செராமிக் பூச்சு அதிக வெப்பத்தைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எவ்வளவு தீயும் வைக்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பூச்சு கருகிப் புகையாது என்பது சரி. அதன் வழுக்கும் தன்மை அந்த வெப்பத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

அந்த வழுக்கும் தன்மைக்குக் காரணம், மேலடுக்கில் கலந்துள்ள சிலிக்கோன் வகைப் பொருள். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் அது சிறிது சிறிதாகக் குறைகிறது. தீ எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகக் குறைகிறது. ஒரு கீறல்கூட விழாத பாத்திரம் ஒட்டத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூடேறும்போது அலுமினியம் நன்றாக விரியும்; கண்ணாடி போன்ற சிலிக்காப் பூச்சு அந்த அளவுக்கு விரியாது. மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறினால் இந்த இழுபறியைப் பூச்சு சமாளித்துக்கொள்ளும். திடீரென்று சூடேற்றினாலோ குளிர்வித்தாலோ கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் விழும். பிறகு மாவும் எண்ணெயும் அந்த விரிசல்களில் புகுந்து கருகிப் பிடித்துக்கொள்ளும்.

தோசைக்கல் பழக்கங்கள்

இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் தடவி, புகைய விட்டு, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, மறுபடி எண்ணெய் தடவுவோம். அப்போது எண்ணெய் வெப்பத்தில் இறுகிக் கறுப்பு நிறப் படலமாக இரும்பில் பிடிக்கிறது, அந்தப் படலமே தோசையை ஒட்டாமல் எழுப்புகிறது. இரும்புக்கு உயிரான அதே படலம்தான் செராமிக் பூச்சுக்கு எமன். வழுக்கும் மேற்பரப்பை அது மூடிவிடுகிறது. அதுவும் இரும்பில் பிடிப்பது போலச் சீராகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாகப் படிகிறது. ஆகவே செராமிக் தவாவைப் பழக்க வேண்டியதில்லை. முதல் முறை பயன்படுத்தும் முன் சோப்பு நீரில் மென்மையாகக் கழுவி, நன்றாகத் துடைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயைத் துணியால் தடவி, மிஞ்சியதைத் துடைத்தெடுத்தால் போதும். வெங்காயம் தேய்ப்பதால் தீங்கு இல்லை, பயனும் இல்லை.

அடுத்த பழக்கம் தண்ணீர் தெளிப்பது. கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்து, ‘சுர்’ என்று ஆவி எழும்பியதும் துடைத்துவிட்டு அடுத்த தோசையை வார்ப்பது நம் கைகளுக்கு இயல்பாகவே வரும். கனத்த இரும்பு அதைப் பொருட்படுத்தாது. செராமிக் பூச்சுக்கோ அது ஒவ்வொரு தோசைக்கும் ஓர் அடி. தவா காய்ந்துவிட்டது என்று தோன்றினால் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். அவசரமென்றால் அடுப்பிலிருந்து தூக்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அலுமினியம் விரைவாகவே ஆறிவிடும். சமைத்து முடித்த சூட்டோடு பாத்திரத்தைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறப்பதும் இதே தவறுதான், இன்னும் கடுமையானது. அடிப்பாகம் வளைந்து நடுவில் மேடு தட்டிய பாத்திரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

தாளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுகு வெடிக்கும் வரை எண்ணெயை நன்றாகக் காயவைப்பதும், உளுத்தம்பருப்பு சிவக்கும் வரை காத்திருப்பதும் அன்றாடம் நடப்பவை. செராமிக் வாணலியில் இதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு சிறிய இரும்புத் தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டிக்கொண்டால், செராமிக் வாணலி சந்திக்கும் கடும் வெப்பத்தில் பாதி குறைந்துவிடும். பொரியலையும் உப்புமாவையும் இப்படிச் செய்யலாம், சுவையில் வேறுபாடு தெரியாது. மல்லி, மிளகாய், பருப்பு முதலியவற்றை எண்ணெயில்லாமல் வெறும் வாணலியில் வறுப்பதற்கும், வடை, பஜ்ஜி, அப்பளம் பொரிப்பதற்கும் இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரத்தையே வைத்துக்கொள்வது நல்லது. மிதமான சூட்டில் நடக்கும் வேலைகளுக்கே செராமிக் பாத்திரம் ஏற்றது: தோசை, ஆம்லெட், கேசரி, காய் வதக்குதல், மசாலா தடவிய மீனைச் சிறு தீயில் வறுத்தெடுத்தல். இவற்றில் அது தரும் வசதியை வேறு பாத்திரம் தருவது கடினம்.

தீயும் எண்ணெயும்

வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள். எரிவாயு அடுப்பின் பெரிய தீயில், மெல்லிய அலுமினியப் பாத்திரம் வெறுமையாக இருந்தால் சில நிமிடங்களில் 300 டிகிரியை நெருங்கிவிடும். எண்ணெயையோ உணவையோ இட்ட பிறகே சூடேற்றுவது பாதுகாப்பு. தோசைக்குத் தவா காய வேண்டும் என்பதால், நடுவில் சில துளி எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் போதுமானது. தீயின் நாக்கு பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. ஏறினால் பக்கச் சுவரின் பூச்சு முதலில் பழுப்பேறும், கைப்பிடியின் திருகும் தளரும். சிறிய தவாவைச் சிறிய பர்னரில் வையுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் இன்னும் கவனம் தேவை. அங்கே வெப்பம் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே உருவாவதால், எடுத்த எடுப்பில் உச்ச வாட்டில் வைத்தால் நடுவட்டம் மட்டும் நொடிகளில் கொதித்துவிடும், ஓரங்கள் குளிர்ந்தே இருக்கும். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாம் வழக்கமாகச் செய்யும் தண்ணீர்த் துளிச் சோதனை இந்தப் பாத்திரத்தில் ஏமாற்றும்; நீரை விலக்கும் பரப்பு என்பதால் குறைந்த சூட்டிலேயே துளி உருண்டு ஓடும். எண்ணெயைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே மேல். எண்ணெய் இளகிப் பளபளப்பாகப் பரவினால் சரியான சூடு. மெல்லிய புகை இழை எழுந்தால் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காயெண்ணெயும் 175 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலையெண்ணெய் 230 டிகிரி வரை தாங்கும். நல்லெண்ணெய் தோசைதான் பிடிக்கும் என்றால் அதை விட்டுவிட வேண்டியதில்லை, தீயைத்தான் அதற்கேற்ப வைக்க வேண்டும்.

தோசை வார்த்து முடித்த தவாவின் ஓரத்தை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோசையின் வட்டத்துக்கு வெளியே, மாவு படாத இடத்தில், மஞ்சள் நிறச் சிறு பொட்டுகளாக எண்ணெய் நிற்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். மாவு இருக்கும் இடத்தில் அதன் ஈரம் சூட்டை அடக்கி வைக்கிறது. வெளியே விழுந்த எண்ணெய்க்கு அந்தக் காப்பு இல்லை, ஒவ்வொரு தோசைக்கும் அது மீண்டும் மீண்டும் காய்ந்து இறுகுகிறது. அன்றே துடைத்தால் வந்துவிடும். நான்கு நாள் விட்டால் தேன் நிறமாகும், மாதக்கணக்கில் விட்டால் பழுப்பு வளையமாக இறுகிவிடும். இதனால்தான் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றாமல், தோசையின் விளிம்பை ஒட்டி உட்புறமாகச் சில துளிகள் மட்டும் விடச் சொல்கிறேன். தோசைக்கும் தோசைக்கும் இடையே மடித்த பருத்தித் துணியால் ஓரத்தை ஒரு சுற்றுத் துடைத்துவிடுவதும் பெரிய உதவி. எண்ணெய்த் தெளிப்பான் குப்பிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றில் லெசித்தின் சேர்க்கப்பட்டிருக்கும். அது சூட்டில் பசைபோல ஒட்டிக்கொண்டு எளிதில் நீங்காது.

கரண்டிகளைப் பொறுத்தவரை, சிலிக்கா கடினமான பொருள் என்பதால் எவர்சில்வர் கரண்டி ஒருமுறை பட்டதுமே கீறல் விழுந்துவிடாது. ஆனால் தோசைத் திருப்பியின் கூர்மையான முனையால் சுரண்டும்போதும், கரண்டியை விளிம்பில் ‘டங் டங்’ என்று தட்டும்போதும் பூச்சு சில்லாகப் பெயரும். மரக்கரண்டியும் சிலிக்கோன் திருப்பியும் போதும்.

கழுவுதல்

பாத்திரம் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பின்பே கழுவ வேண்டும். திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஸ்பான்ஜ் ஆகியவை போதும். பச்சை நிற முரட்டு நாரில் உராய்த்துத் தேய்க்கும் கடினமான துகள்கள் ஒட்டப்பட்டிருக்கும். அது எவர்சில்வருக்கு ஏற்றது, இதற்கு ஏற்றதல்ல. கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். வீட்டு வேலைக்கு உதவ வருபவர் பாத்திரம் தேய்ப்பதாக இருந்தால், இந்த ஒரு பாத்திரத்தை மட்டும் தொட்டியில் போடாமல் நீங்களே கழுவிவிடுவதுதான் நடைமுறைக்கு எளிது. குவியலுக்குள் போன பிறகு எந்த நார் எதில் படும் என்று யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கலாம் என்று உறையிலேயே எழுதியிருந்தாலும் வைக்காதீர்கள். அந்த இயந்திரங்களுக்கான சோப்பு வலுவான காரத்தன்மை கொண்டது. காரம் சிலிக்காவை மெல்ல அரிக்கும், அலுமினியத்தைக் கறுக்கவைக்கும். கையால் கழுவ இரண்டு நிமிடம் ஆகாத ஒரு பாத்திரத்துக்காக அந்த இழப்பை ஏற்கத் தேவையில்லை.

வெள்ளை அல்லது பாலாடை நிற உட்புறம் கொண்ட பாத்திரங்களில் மஞ்சள் கறை எல்லோரையும் கலங்க வைக்கிறது. சோப்புப் பட்டதும் அந்தக் கறை சிவப்பாக மாறும்போது பூச்சே கெட்டுவிட்டது என்று அஞ்சுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். நன்றாக அலசினால் பழைய நிறத்துக்கே திரும்பும். குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால், கழுவிய பாத்திரத்தை இரண்டு மூன்று பகல் வெயில் படும் இடத்தில் கவிழ்க்காமல் வைத்தால் கறை வெளிறிவிடும். தேய்த்துப் போக்க முயல்வதுதான் பூச்சைக் கெடுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் ஊர்களில் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போவது சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊற்றி வைத்துக் கழுவினால் அது போய்விடும்.

ஒட்டத் தொடங்கிய பாத்திரத்தை மீட்பது

பூச்சு பெயராமல், ஆனால் ஒட்டுகிறது என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். பாத்திரத்தில் கறை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. ஓரங்களில் சிறு குமிழிகள் வந்தால் போதும். அடுப்பை அணைத்து, அப்படியே முழுவதும் ஆறவிடுங்கள். தண்ணீரைக் கொட்டும்போது அது தேநீர் நிறத்தில் வந்தால் படலம் கரைகிறது என்று அறியலாம்.

பிறகு இரண்டு பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து, பழுப்பு படிந்த இடங்களில் பூசி, கால் மணி நேரம் கழித்து மென்மையான ஈரத் துணியைச் சுண்டுவிரல் அகலத்துக்கு மடித்துச் சிறு சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். கை அழுத்தம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்கட்டும். துணியில் பழுப்பு ஏறிக்கொண்டே வரும். அதைத் திருப்பித் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் தேய்த்துக்கொண்டே போனால், விரலுக்கடியில் சொரசொரப்பாக இருந்த இடம் ஒரு கட்டத்தில் கண்ணாடிபோல வழவழப்பாவது தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நிறம் முழுவதும் போகாவிட்டாலும் பரவாயில்லை, வழவழப்புத்தான் முக்கியம். மிகப் பிடிவாதமான ஓர வளையத்துக்கு மட்டும் வெள்ளை நிற மெலமைன் ஸ்பான்ஜை நனைத்து லேசாகப் பயன்படுத்தலாம். அது மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது என்பதால் வாரந்தோறும் தேய்க்கும் பழக்கம் வேண்டாம்.

அலசி, துடைத்து, கால் தேக்கரண்டி எண்ணெய் தடவி, சிறு தீயில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள். வெள்ளைக்கரு இறுகிய பின் பாத்திரத்தை அசைத்தால் முட்டை நகர்ந்தால், பாத்திரம் மீண்டுவிட்டது. நகராமல் பிடித்துக்கொண்டால் மேலடுக்கின் வழுக்கும் பொருள் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மேலே எதையாவது பூசி அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை; அத்தகைய வாணலியை எண்ணெய் சற்று தாராளமாக விடும் கூட்டு, குருமா போன்றவற்றுக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

வைக்கும் முறை

சாம்பார், புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்றவற்றை இதில் சமைக்கலாம், ஆனால் சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பூச்சு புளிப்பால் பாதிக்கப்படாது. மயிரிழை விரிசல் இருந்தால், இரவு முழுவதும் தேங்கும் புளியும் உப்பும் அதன் வழியாக அலுமினியத்தைத் தொட்டு அடியிலிருந்தே அரிக்கத் தொடங்கும். பூச்சு கொப்புளம்போல எழும்பிப் பெயர்வது பெரும்பாலும் இப்படித்தான். உப்பைக் கூடத் தண்ணீரோ காயின் ஈரமோ இருக்கும்போது போட்டுக் கிளறிவிடுங்கள், வெறும் அடியில் கல்லுப்பைப் போட்டுவைக்காதீர்கள்.

அடுக்கி வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பழைய பருத்தித் துணியோ மடித்த செய்தித்தாளோ இருக்கட்டும். மேலே வைக்கும் பாத்திரத்தின் அடிவிளிம்பு கீழே உள்ளதன் நடுவில் உராய்வதால்தான், யாரும் கரண்டி படாமல் பார்த்துக்கொண்ட பாத்திரத்திலும் பிறை வடிவக் கீறல்கள் விழுகின்றன.

எவ்வளவு பேணினாலும் தினமும் பயன்படும் செராமிக் தவா இரும்புக்கல்லைப் போலத் தலைமுறை கடந்து வராது. பூச்சு சில்லுசில்லாகப் பெயர்ந்து கீழே வெள்ளி நிற உலோகம் தெரிந்தாலோ, அடிப்பாகம் வளைந்து அடுப்பில் ஆடினாலோ அதில் சமைப்பதை நிறுத்திவிடுங்கள். பெயர்ந்த சிலிக்காத் துகள் உடலில் கரையாதது. எனினும் வெளிப்பட்ட அலுமினியத்தில் புளிப்பான உணவைத் தொடர்ந்து சமைப்பது நல்லதல்ல. கைப்பிடியைத் திருகுகழற்றியால் கழற்றிவிட்டுப் பழைய பாத்திரம் எடுப்பவரிடம் அலுமினியமாகக் கொடுத்துவிடலாம். அடுத்தது வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்க்கும் முன் கையில் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகம் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள, கனமான பாத்திரம் சூட்டைச் சீராகப் பரப்பும், எளிதில் வளையாது; கடையின் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை விரலால் அழுத்தினால் ஆடாமல் நிற்க வேண்டும்.